கல்தூசு படிந்த ஏடுகள்

நாவல் படிப்பது பொழுதை வீணாக்கும் வேலை என்று கருதும் பெரியவர்கள் நம் இல்லங்களில் இன்றும் உளர். அவர்களோடு வழக்காட நாம் முற்படவில்லை. மட்டமான கதைகள் மலிந்து கிடக்கும்போது அவர்களுடைய அச்சம் முழுதும் பிழையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும், படித்து முடித்ததும் படித்தவனையே விசாரணைக் கூண்டில் ஏற்றி நிறுத்தும் நாவல்களும் உண்டு. அரபு மத்ரஸாவில் ஓதி, தமிழ் நூல்களில் தோய்ந்து, பிற்காலத்தில் அகராதியின் துணையோடு ஆங்கிலம் கற்ற நமக்கு, அத்தகைய மூன்று நாவல்கள் வாய்த்தன. அவற்றைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

மூன்றும் இங்கிலாந்தில், விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்தில் (1837–1901) எழுதப்பட்டவை. சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860–61இல் வார இதழில் தொடராக வந்தது. 'பெரும் எதிர்பார்ப்புகள்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் 'நியூ கிரப் ஸ்ட்ரீட்' 1891இல் வெளியாயிற்று. கிரப் தெரு என்பது கூலிக்கு எழுதுவோர் ஒருகாலத்தில் நிறைந்திருந்த லண்டன் தெரு. பின்னர் அத்தகைய எழுத்துக்கே அது பெயராயிற்று. தாமஸ் ஹார்டியின் 'ஜூட் தி அப்ஸ்கியூர்' 1895இல் நூலாயிற்று. 'பெயர் விளங்காத ஜூட்' என்று அதனைக் குறிப்பிடலாம்.

வறியவன் உயர விரும்பினான், சமுதாயம் தடுத்தது, அவன் வீழ்ந்தான் என்று இம்மூன்றுக்கும் ஒரே சுருக்கம் எழுதிவிடுவோர் உளர். அச்சுருக்கம் பொய்யன்று, ஆனால் போதாது. அறிவு வேறு, மதிப்பு வேறு, பிழைப்பு வேறு. அவற்றை ஒரே முடிச்சாக முடிந்துவிட்ட சமுதாயம் மனிதனை என்ன செய்யும் என்பதையே இந்நாவல்கள் ஆராய்கின்றன என்பது நம் கருத்து. டிக்கன்ஸின் பிப் மதிப்பைப் பெற்றான், அறிவைப் பெறவில்லை. ஹார்டியின் ஜூட் அறிவைப் பெற்றான், மதிப்பைப் பெறவில்லை. கிஸ்ஸிங்கின் ரியர்டன் அறிவையே பிழைப்பாக்க முயன்று இரண்டையும் இழந்தான்.

பட்டறையை விட்டவன்

டிக்கன்ஸின் வாழ்விலிருந்தே தொடங்குவோம். 1824ஆம் ஆண்டு அவருக்குப் பன்னிரண்டு வயது. தந்தையார் கடனுக்காக லண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். சிறுவன் காலணி மெருகுப் பசை செய்யும் தொழிற்கூடத்தில், பசைக் குப்பிகளில் சீட்டு ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டான். பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய எழுத்தாளர் இச்செய்தியை ஊரறியச் சொன்னதே இல்லை. 1870இல் அவர் மறைந்த பின்னர், நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வரலாற்று நூல் வழியாகவே அது வெளிப்பட்டது. களவு செய்தவன் மறைக்கலாம். கைகளால் உழைத்த சிறுவன் ஏன் மறைக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடைதான் பிப்பின் கதை.

பிப் பெற்றோரை இழந்தவன். கெண்ட் மாநிலத்துச் சதுப்பு நிலத்தருகே, அக்காளும் அவள் கணவரான கொல்லர் ஜோவும் அவனை வளர்க்கிறார்கள். ஒருநாள் செல்வச் சீமாட்டி ஒருவரின் மாளிகைக்கு விளையாட அழைக்கப்படுகிறான். அங்குள்ள எஸ்டெல்லா என்னும் சிறுமி அவனது பேச்சையும் கரடுமுரடான கைகளையும் தடித்த காலணியையும் கண்டு நகைக்கிறாள். அன்றுவரை தன் கைகள் இழிந்தவை என்று பிப்புக்குத் தெரியாது. அன்று தெரிந்தது, அதன்பின் அவனால் அதை மறக்க முடியவில்லை. வறுமை வயிற்றில் தொடங்குகிறது என்பர். நாணமோ பிறர் பார்வையில் தொடங்குகிறது என்று காட்டுகிறார் டிக்கன்ஸ்.

பின்னர் பெயர் தெரியாத ஒரு வள்ளலின் பணம் வருகிறது. பிப் லண்டன் சென்று கனவானாகிறான். அங்கு அவன் கற்றது என்ன? உண்ணும் முறை, உடுக்கும் முறை, கடன் வாங்கும் முறை. வளர்த்த ஜோ பட்டணத்துக்கு அவனைக் காண வருகிறார். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கணப்படுப்பின் மேல் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது. வளர்த்த பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கி, இடையிடையே 'ஐயா' என்று தடுமாறுகிறார். பணம் கொடுத்து அவர் வருகையைத் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிப் பின்னாளில் ஒப்புக்கொள்கிறான். பெற்றோர் தம் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க வேண்டிய பகுதி இது.

அந்த வள்ளல் யார்? சிறுவயதில் பிப் உணவும் அரமும் கொண்டு வந்து கொடுத்த மாக்விச் என்னும் கைதி. ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கு உழைத்துச் சேர்த்த பணம் அது. எந்த உழைப்பை இழிவென்று விட்டு ஓடினானோ, அதைவிட இழிவென்று உலகம் சொல்லும் ஒருவனது வியர்வையின் மீதே பிப்பின் கனவான் கோலம் நின்றது! இறுதியில் அவன் நோயுற்றுக் கிடக்கையில், நகைக் கடைக்காரனுக்குப் பட்ட கடனுக்காகச் சேவகர்கள் பிடிக்க வருகிறார்கள். கடன் 123 பவுன் 15 ஷில்லிங் 6 பென்ஸ். ஜோ வந்து பணிவிடை செய்து, கடனைக் கட்டி, நன்றி பெறக்கூட நில்லாமல் விடியுமுன் சென்றுவிடுகிறார்.

இங்கே பலர் கவனியாமல் விடும் ஒரு செய்தி உண்டு. எழுதத் தெரியாத அந்தக் கொல்லர், நடுவயதில், பிடி என்ற பெண்ணிடம் எழுத்துக் கற்றுக்கொள்கிறார். பிப்பின் நோய்ப் படுக்கைக்கு அருகே அமர்ந்து, சம்மட்டியைப் பிடிப்பதுபோல் பேனாவைப் பிடித்துப் பெரும் உழைப்போடு ஒரு கடிதம் எழுதுகிறார். அந்த எழுத்தால் அவருக்கு ஒரு காசு வரவில்லை. ஊரில் ஓர் அங்குலம் உயர்வும் வரவில்லை. 'பெரும் எதிர்பார்ப்புக'ளில் எதையும் எதிர்பாராமல் கற்ற மாணவர் ஜோ ஒருவரே.

சுவருக்கு வெளியே நின்றவன்

பிப்புக்குத் தேவைப்படாத ஒன்றுக்காக ஏங்கியவன் ஜூட். அவனும் பெற்றோரை இழந்தவன். ரொட்டிக்கடை வைத்திருந்த மூத்த அத்தையிடம் வளர்கிறான். நாளுக்கு ஆறு பென்ஸ் கூலிக்கு வயலில் பறவை விரட்டுகிறான். அவற்றின் பசியை எண்ணி இரங்கி, உண்ணட்டும் என்று விட்டுவிட்டு உதை வாங்குகிறான். ஊர்ப் பள்ளியாசிரியர் ஃபிலாட்ஸன் பட்டம் பெறும் ஆசையில் கிறைஸ்ட்மின்ஸ்டர் நகருக்குப் போய்விட, சிறுவனின் கனவும் அவர் பின்னே போகிறது. மாலை வேளையில் ஒரு களஞ்சியக் கூரையின் ஏணி மீதேறித் தொலைவில் மின்னும் அந்நகரின் விளக்குகளைப் பார்க்கிறான். கிறைஸ்ட்மின்ஸ்டர் என்பது ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஹார்டி வைத்த பெயர்.

இலத்தீனும் கிரேக்கமும் தெரிந்தாலன்றி அந்நகருக்குள் இடமில்லை. ஆசிரியருக்கு எழுதி இலக்கண நூல்களை வரவழைக்கிறான். இலக்கணம் என்றால் தாய்மொழியை வேற்றுமொழியாக மாற்றித் தரும் மறைதிறவுகோல் என்று அவன் நம்பியிருந்தான். திறந்து பார்த்தால், சொல் ஒவ்வொன்றையும் தனித்தனியே உழைத்து மனனம் செய்ய வேண்டும் என்று தெரிகிறது. பிறவாமலே இருந்திருக்கலாம் என்று அழுகிறான். அரபு இலக்கணம் ஓதியவர்களுக்கு இந்த இடம் சிரிப்பையும் கண்ணீரையும் ஒருங்கே தரும். 'ளரப, யள்ரிபு' என்று வாய்பாடு சொல்லத் தொடங்கிய முதல் மாதத்தில் நம்மில் எவர்தாம் ஜூடைப் போல் கலங்கவில்லை? நமக்கு உஸ்தாத் இருந்தார்; உடன் ஓதும் தோழர்கள் இருந்தனர். ஜூடுக்கு ரொட்டி வண்டியும் குதிரையுமே துணை. கடிவாளத்தைக் கையில் மாட்டிக்கொண்டு, நூலை வண்டியின் கூண்டில் வாரால் பிணைத்து, அகராதியை மடியில் வைத்து, வீடு வீடாக ரொட்டி கொடுத்தபடியே பண்டை ரோமானியரின் நூல்களைப் படிக்கிறான்.

பின்னர்க் கல்தச்சனாகிறான். இடையில் அராபெல்லா என்பவள் கருவுற்றதாகப் பொய் சொல்லி மணந்துகொள்ள வைத்து, சிலகாலத்தில் விட்டுப் போகிறாள். எப்படியோ கிறைஸ்ட்மின்ஸ்டரை அடைகிறான். கல்லூரிச் சுவர்களின் சிதைந்த கற்களைச் செதுக்கிச் சீராக்குவது அவன் தொழில். சுவரைத் தொடலாம், உள்ளே போகலாகாது. தன் வருவாயில் மீதம் பிடித்துக் கல்லூரி வாயிலை அணுகப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிடுகிறான். கல்லூரித் தலைவர் ஐவரைத் தேர்ந்து கடிதம் எழுதி வழி கேட்கிறான். ஒருவரிடமிருந்தே மறுமொழி வருகிறது. தொழிலாளியாகிய நீர் உம்முடைய வட்டத்திலேயே தங்கி, கைத்தொழிலையே பற்றியிருப்பது உமக்கு நலம் என்பது அதன் கருத்து.

அக்கடிதத்தில் வசை இல்லை, கோபம் இல்லை. மரியாதையான நல்லுரைதான். அதனாலேயே அது கொடியது. எழுதியவர் அந்த மனிதனைப் பார்த்ததில்லை. ஒரு வினாவும் கேட்டதில்லை. பத்தாண்டு உழைப்பை நாலு வரியில் முடித்துவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

அதன்பின் மதுக்கடையில் நடப்பதை ஹார்டி மறக்க முடியாதபடி தீட்டுகிறார். மனமுடைந்து குடித்திருக்கும் ஜூடை நோக்கி, பணயம் வைத்து, இலத்தீனில் ஏதேனும் சொல் பார்க்கலாம் என்கிறார்கள். கிறித்தவ சமயத்தாரின் நம்பிக்கை அறிக்கையை இலத்தீனில் முழுதும் ஒப்புவிக்கிறான். கல்லூரி மாணவர் சிலரும் அங்கே இருக்கின்றனர். முடித்தபின், நான் சொன்னது சரியா தவறா என்று உங்களில் எவனுக்கும் தெரியாதே என்று வெடிக்கிறான். அறிவு சுவருக்கு வெளியே நிற்கிறது. சுவருக்கு உள்ளிருப்போரிடம் இருப்பது சான்று மட்டுமே.

இதை எழுதிய ஹார்டி வெறும் கற்பனையில் எழுதவில்லை. 1840இல் டார்செட்டில் கொத்தனார் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1856இல் டார்செஸ்டர் நகரக் கட்டடக்கலைஞர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். விடியற்காலையில் எழுந்து கிரேக்கம் படித்தார். கட்டடத் தொழிலில்தான் பிழைக்க வேண்டுமென்றால் கிரேக்க நாடகங்களை விட்டுவிடுவதே நல்லது என்று அவருக்கு அறிவுரை சொன்னவர், அவர் பெரிதும் மதித்த நண்பர் ஹொரேஸ் மூல். அவர் பகைவர் அல்லர், அன்பர்! பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் 1913இலும் ஆக்ஸ்ஃபோர்டு 1920இலும் ஹார்டிக்குச் சிறப்புப் பட்டம் அளித்தன. அவர் அப்போது எழுபது வயதைக் கடந்திருந்தார்.

எழுத்தும் சோறும்

கற்றவனுக்கு வாயில் திறந்தே இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? கிஸ்ஸிங் இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறார். எட்வின் ரியர்டன் கிரேக்க இலக்கியத்தில் ஊறியவன், நல்ல எழுத்தாளன், மனைவியும் குழந்தையும் உள்ளவன். அக்காலத்தில் நாவல்கள் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. விலை ஒன்றரைக் கினி, அதாவது 31 ஷில்லிங் 6 பென்ஸ். பொதுமக்கள் வாங்க இயலாது. கட்டண நூலகங்களே வாங்கி வாடகைக்கு விட்டன. ஆகவே கதைக்குத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று தொகுதியை நிரப்பியாக வேண்டும். ரியர்டன் நாளுக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டு வெறும் தாளின் முன் அமர்ந்து தவிக்கிறான். எழுத எழுத எழுத்து கெடுகிறது. கெடக்கெட வருவாய் குறைகிறது. குறையக்குறைய இல்லறம் நலிகிறது.

அவனுக்கு எதிரே நிற்பவன் ஜாஸ்பர் மில்வெய்ன். இலக்கியம் ஒரு வாணிகம், சந்தைக்கு வேண்டிய சரக்கைக் கொடுப்பவனே பிழைப்பான் என்று வெளிப்படையாகச் சொல்பவன். அவன் கொடியவனும் அல்லன், இனிமையானவன். நாவலின் அச்சமே அதுதான். மேரியன் யூல் என்ற பெண்ணுக்குச் சொத்து வரும் என்றபோது அவளை மணக்க இசைகிறான். வர வேண்டிய 5000 பவுன் 1500ஆகச் சுருங்கியதும் மெல்ல விலகிக்கொள்கிறான். முடிவில் ரியர்டனின் கைம்பெண்ணை, அவளுக்கு வந்த 10,000 பவுனோடு மணக்கிறான்.

மேரியன் பிரிட்டிஷ் மியூசியத்தின் படிப்பகத்தில் நாளெல்லாம் அமர்ந்து தந்தைக்காகக் கட்டுரை தயாரிப்பவள். இலக்கியப் பொறி என்ற ஒரு விளம்பரத்தைக் கண்டு, நமக்குப் பதிலாக எழுதித் தரும் இயந்திரம் வந்துவிட்டதோ என்று ஏங்குகிறாள். பார்த்தால் அது நூலைத் தாங்கி வைக்கும் கருவிதான்! எழுதும் பொறியே வந்துவிட்ட இந்நாளில் இவ்விடம் நமக்கு வேறொரு பொருளும் தருகிறது.

ரியர்டனின் நண்பன் பிஃபன் மாற்றுச் சட்டை அடகுக்குப் போனதால் மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பவன். இருவரும் குளிரில் அமர்ந்து கிரேக்கச் செய்யுளின் யாப்பைப் பற்றிப் பேசிக் களிக்கும் பொழுதுகளே இந்நாவலின் ஒளி. விற்க முடியாத அறிவு அவர்களை வாழ வைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மணிநேரம் அவர்களை மனிதராக வைத்திருந்தது. ரியர்டனும் அவன் குழந்தையும் நோயால் மடிகின்றனர். வீடு தீப்பற்றியபோது தன் நாவலின் கையெழுத்துப் படியை உயிரைப் பணயம் வைத்து மீட்ட பிஃபனும் பின்னர் வாழ்வின் மீது நம்பிக்கை இழந்து போகிறான். இந்நாவலின் முழு உரிமையையும் கிஸ்ஸிங் 150 பவுனுக்கு விற்றுவிட்டார் என்பதையும் சேர்த்துப் படித்தால், அவர் எங்கிருந்து எழுதினார் என்பது விளங்கும்.

வெற்றியின் இரகசியம்

இம்மூன்றுக்கும் எதிர்வாதமாக ஒரு நூல் அக்காலத்திலேயே இருந்தது. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்' என்ற அந்நூல் விடாமுயற்சியால் உயர்ந்தோரின் வரலாறுகளை அடுக்கிச் சொல்வது. யாகூப் ஸர்ரூஃப் அதனை 'சிர்ருந் நஜாஹ்' என்று அரபியில் பெயர்க்க, 1880இல் பெய்ரூத்தில் அது வெளிவந்தது. 'வெற்றியின் இரகசியம்' என்பது அத்தலைப்பின் பொருள்.

ஒரு கையில் கொத்துக் கரண்டியும் சட்டைப் பையில் நூலுமாகக் கட்டட வேலை செய்த பென் ஜான்சனையும், கல்தச்சராயிருந்து நிலநூல் அறிஞரான ஹியூ மில்லரையும் ஸ்மைல்ஸ் புகழ்ந்து காட்டுகிறார். அவர்கள் மெய்யாகவே வாழ்ந்து உயர்ந்தவர்கள். அவர்களைப் பொய்யாக்க எவராலும் இயலாது. ஆனால் அவ்வாறே நூலும் உளியுமாக உழைத்து உயராதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு வரலாறு எழுதுவோர் எவர்? ஸ்மைல்ஸின் கணக்கில் உயர்ந்தவன் உழைத்தவன். ஆகவே உயராதவன் உழைக்காதவன் என்று மக்கள் தாமே முடிவு கட்டிக்கொள்வர். அந்த முடிவைத்தான் ஹார்டி உடைக்கிறார். ஜூட் மடியும் அறையில் அவனுடைய பழைய நூல்கள் அலமாரியில் இருக்கின்றன. வேலைக்கு நடுவே சில நிமிடங்கள் எடுத்துப் படித்ததால் அவற்றின் மீது கல்தூசு படிந்து சொரசொரப்பாகியிருக்கிறது. வெளியே கல்லூரி விழாவின் ஆரவாரம் கேட்கிறது. அவனுக்கு வயது முப்பதைக்கூட எட்டவில்லை. அவன் உழைக்கவில்லை என்று எவர் சொல்வார்?

குறைகளும் உண்டு

இவற்றைப் புகழ்வதனால் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. டிக்கன்ஸ் தற்செயல் நிகழ்ச்சிகளை அளவுக்கு மீறி நம்புகிறார். எஸ்டெல்லாவின் பிறப்பையும் மாக்விச்சையும் அவர் இணைத்திருக்கும் விதம் மனத்துக்கு ஒப்பவில்லை. கிஸ்ஸிங் வறுமையை அறிந்தவர். ஆனால் கல்லாத வறியவரை நேசித்தார் என்று சொல்ல இயலவில்லை. ரியர்டனின் மனைவி ஏமியிடம் அவர் காட்டும் கடுமையும் நேர்மையன்று. பச்சிளங்குழந்தையை வைத்திருக்கும் தாய், அடுப்பு எரியுமா என்று கேட்பது எப்படிக் குற்றமாகும்?

ஹார்டியின் குறை இன்னும் பெரியது. ஜூடின் மூத்த மகன், தாங்கள் பெற்றோருக்குச் சுமையென்று எண்ணித் தம்பி தங்கையரின் உயிரையும் தன் உயிரையும் போக்கிக்கொள்கிறான் என்று எழுதுகிறார். அதுவரை சமுதாயத்தின் மீது நாம் வைத்திருந்த பார்வை அங்கே சிதறிப் போகிறது. அது விதியின் சதியாகத் தோன்றுகிறதேயன்றி, மாற்றக்கூடிய அநீதியாகத் தோன்றவில்லை. மணவாழ்வு பற்றி அந்நாவல் சொல்லும் சிலவற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. அந்நாளில் வேக்ஃபீல்டு நகரத்துப் பிஷப் அந்நூலைத் தீயிலிட்டதாக அறிவித்தார். ஹார்டி அதன்பின் புதிய நாவல் எழுதவில்லை. 1928இல் மறையும் வரை கவிதையே எழுதினார். நூலை எரிப்பது எளிது. ஜூடின் கேள்விக்கு விடை சொல்வது கடினம். கல்லூரிகள் யாருக்காக நிறுவப்பட்டனவோ அந்த ஏழை மாணவனை, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தள்ளிவிட்டார்களே என்று அந்நாவலில் கேட்பவள் சூ என்ற பெண். அவளோ ஜூடையும் மிஞ்சிய நுண்ணறிவினள். அவளுக்காக ஒரு கடிதம்கூட எழுதப்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டமளிக்க 1920 வரை ஆயிற்று.

விடை ஒருவாறு வந்தது என்றும் சொல்ல வேண்டும். 1870இல் கல்விச் சட்டம் தொடக்கப் பள்ளிகளைப் பெருக்கிற்று. 1899இல் உழைக்கும் மக்களுக்கென ஆக்ஸ்ஃபோர்டு நகரிலேயே ரஸ்கின் கல்லூரி தோன்றிற்று. அதற்கு ஜூடின் பெயரையே சூட்டியிருக்கலாம் என்று வாசகர் சிலர் கருதியதாக ஹார்டி 1912இல் குறித்துள்ளார்.

மறுமொழிக் கடிதம்

இம்மூன்று நாவல்களையும் படிக்கையில் நம்மை யாரோடு பொருத்திக்கொள்கிறோம்? இயல்பாகவே, தடுக்கப்பட்டவனோடு. நாமும் அப்படித்தான் படித்தோம். பல்லாண்டு கழித்து மறுபடி படித்தபோது அந்தக் கல்லூரித் தலைவரின் கடிதத்தில் கண் நின்றுவிட்டது. அந்த நடை நமக்குத் தெரிந்த நடையாக இருந்தது.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர். தந்தையார் தையல்காரர். பையன் நஹ்வில் கூர்மையானவன். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அதன் உறவுகளை விரல்விட்டுச் சொல்வான். மேற்கொண்டு ஓத விரும்பினான். வீட்டில் கஷ்டம், தங்கைகள் இருவர். நம்மிடம் வந்து யோசனை கேட்டான். இலக்கணம் சோறு போடாது தம்பி, வாப்பாவோடு கடையில் உட்கார் என்று சொன்னோம். அன்போடுதான் சொன்னோம். அவன் வீட்டு நிலையை அவனைவிட நாம் நன்கு அறிந்திருந்தோம் என்ற நம்பிக்கையோடு சொன்னோம். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். வேறு வழி உண்டா என்று யாரையும் கேட்டுப் பார்க்கவில்லை. ஒரு செல்வந்தரின் கதவைக்கூடத் தட்டவில்லை. அறிவுரை சொல்ல ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. வழி தேடியிருந்தால் ஒரு மாதமாவது ஆகியிருக்கும்.

நாம் சொன்னது பொய்யன்று. ரியர்டனின் கதை அதற்குச் சான்று. இலக்கணம் சோறு போடாது என்பது பெரும்பாலும் மெய்யே. ஆனால் சோறு போடாதது வேண்டாதது என்று அம்மெய்யின் பின்னே ஒரு பொய்யையும் ஒட்டிக் கொடுத்தோம். பிழைப்பைப் பற்றிக் கேட்டவனுக்குப் பிழைப்பைப் பற்றிச் சொல்லலாம். அறிவைப் பற்றிக் கேட்டவனுக்கு அப்படிச் சொல்லலாமா? கடையில் உட்கார், மாலையில் கிதாபைக் கொண்டு வா என்று சொல்ல நம் நாவுக்கு ஏன் வரவில்லை?

இன்று நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரையைக் கேட்டுப் பாருங்கள். எது படித்தால் வேலை கிடைக்கும், எந்த நாட்டில் எவ்வளவு சம்பளம் என்ற பேச்சே மிகுதி. அப்பேச்சு தேவைதான், வயிற்றை மறந்து அறிவைப் பேசுவது வறியவனைக் கேலி செய்வதாகும். ஆனால் அதுவே முழுப் பேச்சாகிவிட்டால் நம் வீட்டில் பிப்கள் வளர்வர். கொல்லர் ஜோவைக் கண்டு நாணும் பிள்ளைகள் வளர்வர். ஜூட் ஒருவன் தப்பித் தவறிப் பிறந்தாலோ, அவனுக்கு மறுமொழிக் கடிதம் எழுத நாமே வரிசையில் நிற்போம்.

ஆகவே இந்நாவல்களைப் படிக்கத் தக்க வயது வந்த பிள்ளைகளிடம் கொடுங்கள் என்று பெற்றோரை வேண்டுகிறோம். 'பெரும் எதிர்பார்ப்புக'ளை முதலில் கொடுக்கலாம். மற்ற இரண்டும் மனம் முதிர்ந்தோர்க்கு உரியவை. அவை நம்பிக்கை இழக்கச் செய்யும் நூல்கள் என்று சிலர் சொல்லலாம். நாம் கண்டது வேறு. தோற்றவன் சோம்பேறியல்லன் என்று உணர்ந்த பிள்ளை, தன் கடைவீதியில் காணும் கூலியாளை வேறு கண்ணோடு பார்க்கிறான். அந்தப் பார்வை மாறினால் ஒரு நாவல் செய்யக்கூடிய வேலையைச் செய்துவிட்டதென்றே கொள்ளலாம்.

அந்த மாணவருக்கு இன்று நாற்பது வயது. சொந்தமாகத் தையற்கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு அவர் கடைக்கே சென்று, அன்று சொன்னது பாதிதான், மீதியைச் சொல்ல வந்திருக்கிறோம் என்றோம். அவர் சிரித்துவிட்டு இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய இலக்கணக் கிதாபை எடுத்துக் காட்டினார். ஓரங்களில் நூல்பிசிர் ஒட்டியிருந்தது. பாதிப் பக்கம் வரை பென்சில் குறிப்புகள் இருந்தன. இப்போது வாரம் இருநாள், இஷாவுக்குப் பின், விட்ட இடத்திலிருந்து ஓதுகிறார். இதனால் அவருக்கு ஸனதும் கிடைக்காது. கடையில் ஒரு சட்டை கூடுதலாகத் தைக்கவும் வராது. போன வாரம் ஒரு வாக்கியத்தில் நாம் செய்த பிழையை அவர் திருத்தினார்.